ஒரு கரண்டிப் பால்

எங்கள் வீட்டு அடுக்களையில், ஜன்னலை ஒட்டிய ஆணியில், நீளப்பிடி வைத்த எவர்சில்வர் கரண்டி ஒன்று மற்றக் கரண்டிகளோடு சேராமல் தனியாகத் தொங்குகிறது. அதன் பிடியில் சிவப்பு நூல் இறுக்கிச் சுற்றிக் கட்டியிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் அது படாமல் போகாது. சபைக்குப் புதிதாக வந்த போதகர் வீட்டு ஜெபத்துக்கு வந்த அன்று, தண்ணீர் குடிக்கிற சாக்கில் அதை மூன்று தடவை பார்த்தார். இந்த வீட்டிலும் நேர்ச்சைக் கயிறா என்று கேட்க அவருக்கு நாக்கு நுனிவரை வந்திருக்கும், கேட்கவில்லை. நானும் விளக்கம் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் என் மைனியின் பாயசத்தில் ஆரம்பித்து, நான் ஒருநாள் விட்ட வார்த்தையில் போய் முடியும். அதைச் சொல்ல எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

என் மகனுக்கு மாட்டுப்பால் ஆகாது. பிடிக்காது என்கிற ஆகாது இல்லை. பால், தயிர், மோர், நெய் எது ஒரு சொட்டு உள்ளே போனாலும் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சுக்குழல் இறுகிவிடும். நான் புதுக்கடை சந்திப்பில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். லேபிள் வாசிப்பதுதான் என் பிழைப்பு. பிஸ்கட் பாக்கெட்டாக இருந்தாலும் திருப்பிப் பார்த்து, அதில் பால்பொடி இருக்கிறதா என்று வாசிக்காமல் என் வீட்டுக்குள் விடுவதில்லை. ஆனால் உறவுக்காரர் வீட்டுச் சட்டிகளில் லேபிள் ஒட்டியிருக்காதே. கல்யாணம், துக்கவீட்டு அடியந்திரம், சபை விருந்து எதற்குப் போனாலும் மகனுக்கு வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் போகும். எல்லாரும் இலையில் உட்கார, அவன் மட்டும் ஓரமாக நாற்காலியில் மடியில் டப்பாவை வைத்துத் தின்பான். எனக்கு அது பழகிப்போயிருந்தது. அவனுக்குப் பழகவில்லை என்பதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை.

மைனி என்றால் என் அண்ணன் மனைவி. இராஜாக்கமங்கலம் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவில் அவர்கள் வீடு. பள்ளிக்கூடம் ஒன்றில் சத்துணவு அமைப்பாளராக இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்தவர். அவர் கண்பார்வையில் வெந்த சோற்றைத் தின்று ஒரு பிள்ளைக்கும் வயிறு வலித்ததில்லை என்பது அவருடைய பெருமை; அதை அடிக்கடி சொல்லவும் செய்வார். குடும்பத்தில் எந்த விசேஷமானாலும், அரிசிமாவு அடையைப் பாலில் காய்ச்சுகிற பாலடைப் பாயசம் அவர் கைதான். பால் காய்ந்து காய்ந்து இளஞ்சிவப்பாக வருகிறவரை அடுப்படியை விட்டு அசையமாட்டார். பிள்ளைக்குப் பால் ஆகாது என்று நாங்கள் சொன்னபோது தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் நம்பவில்லை. "கொஞ்சங் கொஞ்சமாக் கொடுத்துப் பழக்கினா எல்லாம் சரியாயிரும் தம்பி. நான் பாக்காத பிள்ளையளா" என்றார். அப்போதே நான் கறாராகப் பேசியிருக்க வேண்டும். மரியாதை பார்த்துச் சிரித்துவைத்தேன்.

அவனுக்கு நான்கு வயதாக இருந்தபோது, கிறிஸ்துமஸ் மத்தியானம், அண்ணன் வீட்டில் அது நடந்தது. நாங்கள் முன்னறையில் பேசிக்கொண்டிருந்தோம். அவன் அடுக்களை வாசலில் நின்று பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். மைனிக்கு மனசு பொறுக்கவில்லை. ஒரே ஒரு வாய் ஊட்டியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அவன் என்னிடம் வந்து, "அப்பா, நாக்குல என்னமோ இருக்கு" என்றான். மேல் உதடு அப்போதே தடித்திருந்தது. நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் காரில் போன அந்த வழி எனக்கு மரம் மரமாக ஞாபகம் இருக்கிறது. பின்சீட்டில் என் மனைவி மடியில் அவன். அவன் மூச்சு விசில் அடிப்பதைக் கேட்டுக்கொண்டே நான் ஓட்டினேன். பக்கத்து சீட்டில் மைனி, செருப்புக்கூடப் போடாமல் ஏறி வந்திருந்தார். ஊசி போட்டுச் சிறிது நேரத்தில் விசில் சத்தம் அடங்கியது. டாக்டர் வெளியே வந்து, இன்னும் பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் என்று தொடங்கி அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க நான் மைனியிடம் சொன்னேன்: "இனி எனக்க பிள்ளை உங்க வீட்டில பச்சத் தண்ணி குடிக்காது. ஊருப் பிள்ளையளுக்குச் சோறு போட்ட கை எனக்க பிள்ளைய கொல்லப் பாத்துது." அவர் சுவரோடு ஒட்டி நின்று தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோபத்தில் சொன்னேன் என்று மற்றவர்கள் சமாதானம் பேசினார்கள். கோபம் ஆறிய பிறகும் நான் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் உண்மை. கடைக்கு வருகிறவர்களிடம்கூட அந்தக் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல மைனி ஊட்டிய ஒரு வாய் மூன்று வாயானது.

மூன்று வருஷம் நாங்கள் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அண்ணன் மட்டும் வருவார், தேங்காய் கொண்டுவருவார், போவார். பிறகு அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சித்தப்பா போகாமல் முடியாது. கல்யாணம் மண்டபத்தில், மறுவீடு பெண் வீட்டில். மறுவீடு என்பது கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு விருந்துண்ண வருவது. அதில் குறை வந்தால் தலைமுறைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். ஒருநாள் மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரம் மைனி போன் பண்ணினார். மூன்று வருஷத்தில் முதல் தடவை. நலம் விசாரிக்கவில்லை. "தம்பி, மறுவீட்டுப் பாயசம் நான்தான் வைக்கேன். பாலு, நெய்யு ஒண்ணும் சேராத பாலடை. பிள்ளைக்குத் தனியா இல்ல, பந்தி முழுக்க அதுதான். அவன் இலையில விழாதது எந்த இலையிலயும் விழாது. நீங்க முழு நேரமும் பக்கத்தில நின்னு பாத்துக்கிடுங்க" என்றார். நான் பார்க்கலாம் மைனி என்று வைத்துவிட்டேன். இரவு என் மனைவியிடம் சொன்னபோது, "போகணும். ஆனா எனக்குப் பயமா இருக்கு" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததை அண்ணன் போனில் புலம்பித்தான் தெரிந்துகொண்டேன். "லேய், தெனமும் பாயசம். எனக்குச் சுகர் ஏறிக் கெடக்கு. கேட்டா ருசி பாக்க ஆளு வேணுங்கா." தேங்காய்ப்பால் மாட்டுப்பால் மாதிரி இல்லை. கொதிக்க விட்டால் எண்ணெய் தனியே, தண்ணீர் தனியே பிரிந்துவிடும். மைனி மூன்றாம் பாலில் அடையை வேகவைத்து, இரண்டாம் பாலில் கொஞ்சம் பச்சரிசி மாவு கரைத்துக் குறுக்கி, ஒன்றாம் பாலை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சேர்த்துப் பார்த்தார். சீனியை நேராகப் போட்டால் அது மறுபடி இளகிப் பிரிந்தது. கடைசியில் சீனியைத் தனியாகப் பாகு காய்ச்சி, லேசாகச் சிவக்கவிட்டு ஊற்றினால் பிரியாமலும் இருக்கிறது, பாலடையின் நிறமும் வருகிறது என்று கண்டுபிடித்தார். அடையை வாழையிலையில் தேய்க்கத் தேங்காயெண்ணெய், முந்திரி வறுக்கவும் அதுவே. பெங்களூரில் வேலைபார்த்த மணப்பெண், "அம்மா, இதுக்கு வீகன் பாயசம்னு பேரு, அங்கெல்லாம் இதுக்கு ஏக கிராக்கி" என்றாளாம். "பேரு என்னவா இருந்தா என்ன, பிள்ளைக்கு மூச்சு முட்டாம இருக்கணும்" என்றாராம் மைனி. புது உருளி, புது வடிகட்டி, புதுக் கரண்டி வாங்கி, வேறு யாரும் தெரியாமல் எடுத்துப் பாலில் முக்கிவிடக் கூடாது என்று தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்துக் கரண்டிப் பிடியில் கட்டிவைத்தார்.

மறுவீட்டு நாள் காலையிலேயே போய்விட்டோம். வீட்டுக்குப் பின்னால் ஓலைப் பந்தலில் சமையல். சட்டைப் பையில் ஊசிமருந்தும் சிரிஞ்சும் வைத்துக்கொண்டு நான் உருளிக்குப் பக்கத்தில் பாராக்காரன் மாதிரி நின்றேன். மைனி என்னைப் பார்த்து வாருங்கள் என்று மட்டும் சொன்னார். ஒவ்வொன்றையும் உருளியில் போடும் முன்னால் என் பக்கம் காட்டிவிட்டுப் போட்டார். நான் தலையாட்டினேன். சோதனை போடுகிறவன் முகம் எனக்கு அன்று வாய்த்திருக்க வேண்டும். முந்திரிப் பாக்கெட்டைக்கூடத் திருப்பி வாசித்தேன். பெரிய அதிகாரி மாதிரி நின்ற எனக்குள் பயம்தான் இருந்தது. மகனோ கிணற்றடியில் நின்று பெரியம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் என்னிடம் வந்து, "அப்பா, எனக்கும் இலையா?" என்று கேட்டான். எல்லாம் நான் பார்த்துத்தான் நடக்கிறது என்ற தைரியத்தில், "ஆமா மக்களே, இன்னைக்கு உனக்கும் இலை. பாயசமும் சாப்பிடலாம்" என்று சொன்னேன்.

பாகு வைக்கிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வேன்கள் வந்து நின்றன. அண்ணன் முன்வாசலிலிருந்து என்னைச் சத்தம்போட்டுக் கூப்பிட்டார். பத்து நிமிஷம் போயிருப்பேன். கைகுலுக்கி, உட்காரவைத்து, மாப்பிள்ளையின் மாமாவிடம் ரப்பர் விலை பேசிவிட்டுத் திரும்பி வந்தபோது பாகு உருளிக்குள் போயிருந்தது. நிறம் அச்சு அசல் பாலடைதான். பந்தி தொடங்கியது. மகன் ஏழாவது இலையில், மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு நடுவில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். பருப்பு, சாம்பார், ரசம் எல்லாம் ஆயிற்று. பருப்புக்கு நெய் இல்லை, மோரும் கிடையாது என்பதில் மாப்பிள்ளையின் மாமாவுக்கு முகம் ஏற்கெனவே ஒரு மாதிரி இருந்தது. பாயசத்தை வாளிகளில் மொண்டார்கள். முதல் வாளி பந்திக்குப் போய்விட்டது. மைனி இரண்டாம் வாளியில் மொள்ளக் கரண்டியோடு குனிந்தவர், அப்படியே நின்றார்.

அடுப்படி ஓரத்தில் ஒரு வாழையிலைத் துண்டு கிடந்தது. பாகில் மிதந்த அழுக்கை வழித்துப் போட்டிருந்த இலை. மைனி உட்கார்ந்து அந்த அழுக்கை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். கறுத்த நுரைக்குள் வெள்ளை வெள்ளையாய்த் திரி திரியாக ஏதோ இருந்தது. பிறகு பக்கத்து அடுப்பைப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சாயா போட வைத்த பால் அங்கே இருந்தது, அதற்குள் ஒரு சிறு கரண்டி. சீனிப்பாகு காய்ச்சுகிற நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும், பாகு கொதிக்கும்போது ஒரு கரண்டிப் பால் விட்டால் அழுக்கெல்லாம் திரண்டு மேலே வந்துவிடும். அதிரசத்துக்கும் பூந்திக்கும் எத்தனையோ வருஷம் அப்படிச் செய்த கை. மாட்டுப்பால் பாயசத்துக்குப் பாகே தேவையில்லை. பாலில்லாத பாயசத்துக்கென்று அவர் கண்டுபிடித்த பாகுதான் அந்தக் கையை அந்தப் பாலுக்குள் கொண்டுபோயிருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது அவர் முகம் மட்டும்தான். இலையை அடுப்பில் தள்ளியிருந்தால் ஒரு நொடியில் எரிந்துபோயிருக்கும். அவர் பால் விட்டதைப் பார்த்தவர் யாரும் இல்லை. முழுநேரமும் பார்க்க வேண்டிய நானும் இல்லை.

அவர் ஓடினார். அந்த வயதில் அந்த உடம்போடு அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். பின்னால் நானும் ஓடினேன், ஏன் என்று தெரியாமல் பையிலிருந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு. விளம்புகிறவர் ஆறாவது இலையில் பாயசம் ஊற்றிவிட்டு ஏழாவதுக்குக் கரண்டியைத் தூக்கியிருந்தார். மைனி குனிந்து மகனின் இலைமேல் இரண்டு கையையும் விரித்து வைத்தார். பிறகு நிமிர்ந்து, மூச்சு வாங்க, பந்தி முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்: "யாரும் விளம்பாண்டாம். எல்லாரும் மன்னிக்கணும். இந்தப் பாயசத்தில பால் இருக்கு. நான்தான் விட்டேன்."

பந்தியில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "பாயசத்தில பால் இருக்கதுக்கா மன்னிப்பு?" என்றார் மாப்பிள்ளையின் மாமா. நாலைந்து பேர் சிரித்தார்கள். மைனி சிரிக்கவில்லை. "இந்தப் பிள்ளைக்குப் பாலு ஆகாது. முன்னால ஒருக்க நான் தெரிஞ்சே கொடுத்துச் சாவப் பாத்தான். இன்னைக்குத் தெரியாம விட்டுட்டேன், பாகில ஒரு கரண்டி. இவன் இலையில விழாதது எந்த இலையிலயும் விழாதுன்னு சொல்லியிருக்கேன். இருபது நிமிசம் தாங்க, வேற வச்சுக் கொண்டாறேன்." மூன்று வருஷம் நான் கடையில் வைத்துச் சொல்லிவந்த கதையை அவரே சம்பந்தி வீட்டார் முன்னால் சொல்லிவிட்டார். அதுவும் ஒரு வாய் கூடாமல் குறையாமல். எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. பாயசம் விழுந்த ஆறு இலைகளையும் எடுத்துவிட்டு வேறு இலை போட்டார்கள். அண்ணன் முகம் வெளிறிப்போய் நின்றார். மாப்பிள்ளையின் அம்மா யாரையும் பார்க்காமல் தண்ணீர் குடித்தார். மணப்பெண்தான் முதலில் பேசினாள்: "அம்மா, நீ போய் வை. நாங்க இருக்கோம்."

சமையல் பந்தலுக்குத் திரும்பியதும் மைனி சாயாப் பாலை வெளியே கொண்டுபோகச் சொன்னார். பாலடையை வேறு சட்டிக்கு மாற்றிவிட்டு, உருளியையும் கரண்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவினார். வீட்டில் அவல் இருந்தது, கருப்பட்டி இருந்தது, தேங்காய்க்குப் பஞ்சமில்லை. என் மனைவி திருவ, இரண்டு பேர் பிழிந்தார்கள். "தம்பி, எனக்க கையைப் பாத்துக்கிட்டே நில்லுங்க. அந்தால இந்தால போவாண்டாம்" என்றார் மைனி. கருப்பட்டியைக் கரைத்துத் துணியில் வடித்து, அவலைப் போட்டு, தேங்காய்ப்பாலை ஊற்றி இறக்கும்வரை நான் கண்ணிமைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரோ பந்தியில் காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அவல் பாயசத்தை ஏழாவது இலையில் மைனியே விளம்பினார். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். எல்லாப் பிள்ளைகளும் செய்கிறபடி அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, பழத்தைப் பிசைந்து, முழங்கைவரை வழிய வழித்துத் தின்றான். மைனி அவன் முன்னாலேயே நின்றார். நான் அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அரைமணி நேரம். ஒன்றும் ஆகவில்லை. மறுவீட்டுக்கு அவல் பாயசம் போட்ட வீடு என்ற பேச்சு மாப்பிள்ளை வீட்டில் இன்றைக்கும் உண்டு. மைனி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

புறப்படும்போது அந்தக் கரண்டியைப் பையில் போட்டு என்னிடம் தந்தார். "இது எனக்க வீட்டில கெடந்தா கை மறந்து எதிலயாவது இடும். உங்க வீட்டில இருக்கட்டும். நீங்க கொண்டு வந்தா நான் கிண்டுகேன்." நான் ஆஸ்பத்திரியில் சொன்னதற்கு அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சரி மைனி என்று வாங்கிக்கொண்டேன். வழியெல்லாம் வேறொன்று என்னை அரித்தது. அதற்கு முந்தின வருஷம் கடையில் ஒரு பெரியவருக்கு நான் இருநூற்றைம்பதுக்குப் பதில் ஐந்நூறு பவர் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் தெரிந்தது. வீடு தேடிப் போய், கம்பெனி அட்டையை மாற்றிவிட்டான் என்று பொய் சொல்லி மாற்றிக் கொடுத்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் தப்பு என்று அந்த ஒருவரிடம்கூட எனக்குச் சொல்ல வரவில்லை. எண்பது பேர் முன்னால் அதைச் சொன்ன மனுஷியைத்தான் நான் மூன்று வருஷம் ஊரெல்லாம் தூற்றிக்கொண்டிருந்தேன்.

இப்போது மகன் கல்லூரியில் படிக்கிறான். பால் இன்னும் ஆகாது. போன கிறிஸ்துமஸுக்கு அண்ணனும் மைனியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மைனிக்குக் கண் கொஞ்சம் மங்கியிருக்கிறது. "பெரியம்மா, அந்தப் பாலடையை இன்னும் நான் தின்னவே இல்லியே" என்று மகன் கேட்டான். அவன் சொன்னது சரிதான்; அன்றைக்கு மிச்சமான பாலடை அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போனது, அதன்பிறகு மைனி அதைத் தொடவேயில்லை. மகன் கேட்டதும் சம்மதித்து அடுக்களைக்குப் போனார். நான் பேப்பரை எடுத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தேன். வேண்டுமென்றேதான் உட்கார்ந்தேன். நான் உள்ளே வராமல் இருப்பதே சொல்லாமல் விட்ட மன்னிப்பாக அவருக்குப் படும் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது. "தம்பி எங்க?"

"இங்க இருக்கேன் மைனி. நீங்க செய்யுங்க. எனக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு" என்றேன்.

"நம்பிக்கையை முன்னறையிலேயே வச்சிட்டு வாங்க. பாகு வைக்கப் போறேன். எனக்குக் கண்ணு தெரியல்ல" என்றார்.

போனேன். ஆணியிலிருந்த கரண்டி அவர் கையில் இருந்தது. நூல் வெளுத்து, முடிச்சு அவிழ்ந்து தொங்கியது. என் மனைவியின் தையல் டப்பாவிலிருந்து புதுச் சிவப்பு நூல் எடுத்து, பழையதன் மேலேயே சுற்றத் தொடங்கினார். "ஆஸ்பத்திரியில நான் அன்னைக்குச் சொன்னது..." என்று ஆரம்பித்தேன். "அதைப் பொறவு பேசலாம். இந்த நுனியைப் பிடிங்க, வழுக்குது" என்றார். அவர் முடிச்சுப் போட்டு முடிக்கிறவரை நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.